கொண்டு வந்தேன்

அலமோசாவில் அக்டோபரிலேயே பனி.
ஸ்பானிஷ் இருநூற்றொன்று, காலை எட்டு மணி,
ஹீட்டர் இருமிக்கொண்டே இருக்கும் அறை.
மாட்ரிட் ரயில் நிலையத்தில்
டிக்கெட் வாங்கப் பழகுகிறோம்.
எங்களில் பாதிப் பேர் பார்த்த ரயில்களில்
கிழங்கு மூட்டைதான் பயணி.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் வேட், பேஸ்பால் கோட்டாவில் வந்தவன்,
வினைச்சொற்களை எறிந்த பந்துகளைப் போல
வாய்க்குள் எண்ணுவான்.
ஒருவழியா, போய்வரவா என்று கேட்டான்.
பதில் சொன்னேன்.
முகம் வெளிறி,
"நீ ஏமாத்துறே" என்றான்.

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.
கோர்டோவா என்று பேர் வைத்துக்கொண்டு
இங்கே உனக்கென்ன வேலை?
சும்மா கிடைக்கும் ஏ கிரேடு.

முதல் தேர்வில் எனக்கு சி மைனஸ்.

'நான் ரொட்டி கொண்டு வந்தேன்.'
த்ரூஹே என்று எழுதியிருந்தேன்.
கிடங்கிலிருந்து வந்து
பூட்ஸ் மண்ணை உதறும்போதே அப்பா சொல்வது:
த்ரூஹே பால், த்ரூஹே ஆணி,
சம்பள வெள்ளியென்றால் த்ரூஹே பீச் பழம்.
டாக்டர் லிண்ட்க்விஸ்ட் அதை அடித்து
மேலே எழுதியிருந்தார்: த்ராஹே.
பச்சை மை. சிவப்பு மனசை நோகடிக்குமாம்.

த்ராஹே என்றால் கொண்டு வந்தேன்.
த்ராஹே என்றால் கோட்டு சூட்டும்தான்.
அப்பா சூட்டு போட்டது ஒரே தடவை,
மெலிசியோ சித்தப்பாவைப் புதைத்த அன்று.
இரவல். கை குட்டை.
மணிக்கட்டு தெரியாமலிருக்க
நாள் முழுக்கக் கைகளைப்
பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் வகுப்பில் நானும் அப்படியே.
வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

இரவில் ஓட்டலில் பரிமாறுவேன்.
ஒருநாள் வேட் வந்தான், கூட மூன்று பேர்,
மேசைக்கடியில் சேறு.
மெனுவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காது சிவக்க,
"கிசியேரா" என்று ஆரம்பித்தான்.
எனக்கு வேண்டும் என்பதை
வேண்டியிருந்தால் நன்றாயிருக்குமே என்று
வளைத்துக் கேட்கும் வினைவடிவம்,
இரண்டு வாரம் எங்களை அழவைத்தது.
பச்சைமிளகாய்க் குழம்பை இவ்வளவு பணிவாக
இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.
ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினேன்.
தன் வாக்கியம் சரியா என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன்.
எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை.

பிப்ரவரியில் இலக்கியம்.
நானூறு வருஷத்து நாடகம் ஒன்று,
பழைய எழுத்துக்கூட்டலை மாற்றாத நகல்.
வேலைக்காரன் வசனம் வேட்டுக்கு.
தடுக்கித் தடுக்கிப் படித்து வந்தவன்
ஓரிடத்தில் நின்றேவிட்டான்.
"த்ரூஹே? அச்சுப்பிழையா?"

இல்லை என்றார் டாக்டர் லிண்ட்க்விஸ்ட்,
குரல் இளகி.
அழகான பழஞ்சொல்.
வேலைக்காரனும் சொன்னான், பிரபுவும் சொன்னான்.
இப்போது வழக்கொழிந்துவிட்டது.

கை தூக்கினேன்.
சுருங்கிப்போன ஸ்வெட்டர்,
மணிக்கட்டு நன்றாகவே தெரிந்தது.
"நேற்று ராத்திரி," என்றேன்,
"எங்கள் சமையலறைக்கு வந்தது.
தோளில் மூட்டை இருந்தது."

யாரோ சிரித்தார்கள். வேட் இல்லை.
அவர் தன் நகலில் ஏதோ குறித்துக்கொண்டார்,
பச்சை மையில்,
என்ன என்று எனக்குத் தெரியவில்லை.
பழைய அரை மதிப்பெண் திரும்பி வரவில்லை.

மே மாதம், கடைசித் தேர்வு.
அதே வாக்கியம், ரொட்டிக்குப் பதில் தண்ணீர்.
த்ராஹே என்று எழுதினேன்.
உதவித்தொகை நிற்காமலிருக்க பி வேண்டும்.
எழுதிய பிறகு கொஞ்ச நேரம்
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

முடிவு வந்த அன்று
அப்பா வாசலில் பூட்ஸ் உதறிக்கொண்டிருந்தார்.
"கே த்ரூஹிதே?"
என்ன கொண்டு வந்தே?

பி பிளஸ் த்ரூஹே என்றேன்.
தலையாட்டினார்,
இன்னொரு பூட்ஸைக் கழற்றக்
காலை என் பக்கம் நீட்டினார்.