கரை தெரியும் தண்ணீர்

மூன்று நாள் லீவு கேட்டதற்கு
"கடலுக்கா? உனக்கெதுக்கய்யா,
தினமும் தண்ணியிலதானே கிடக்கிற" என்றார் மேனேஜர்.
பத்தொன்பது வருடமாய்
ஏற்காடு ஏரியில்
பெடல் படகுகளை இழுத்துக் கட்டுகிறவன் நான்.
ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டி
இடுப்பில் கிளிப்பைச் சொடுக்கி
"கையைத் தூக்குங்க சார்" சொல்லிச் சொல்லி
கனவிலும் யாராவது
கையைத் தூக்கியே நிற்கிறார்கள்.

செங்கமலம் மஞ்சள் பையில் புளிச்சோறு கட்டினாள்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும் அசராதவள்
நாமக்கல் தாண்டிச் சமதரையில் வாந்தியெடுத்தாள்.
"ரோடு நேராப் போனா எனக்கு ஆகறதில்ல."

வேதாரண்யத்தில் உப்பு
குவியல் குவியலாய்,
கீற்றுப் போட்டுப் பாதி மூடியும் மூடாமலும்.
எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.
எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டை காயவைக்கிற இவளோ
வானத்தைப் பார்த்தாள்.
"மழை வந்தா யாரு ஓடியாந்து மிச்சத்த மூடுவா?"

கோடியக்கரைக் காட்டில் ஒரு வெளிமான்.
பிழிந்து உதறாமல் வைத்த துணிபோல் முறுக்கிய கொம்பு.
யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள்
சேற்றில் நின்று புல் தின்றன.
தூரத்தில் பூநாரைகள் என்றார்கள்.
எனக்கு ஓர் இளஞ்சிவப்புக் கோடுதான் தெரிந்தது,
கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன்.
நூறு ரூபாய் வாங்கிய கைடு
அந்தக் கோட்டுக்கு எண்ணிக்கை சொன்னான்.

மூன்றாம் நாள் காலை
கலியமூர்த்தியின் ஃபைபர் படகு.
இவள் ஏற மாட்டேனென்று கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.
ஏறியதும் என் கை தானாகவே
ஜாக்கெட்டைத் தேடியது.
வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன்,
ஒரு தூக்கில் நேற்றைய குழம்பு.
"நீச்சல் தெரியும்ல?"

பத்தொன்பது வருடத்தில்
யாரும் என்னைக் கேட்காத கேள்வி.

ஏரி எனக்குத் தெரியும்.
எந்த இடத்தில் மூங்கில் தட்டும்,
எங்கே தட்டாது என்று.
நட்டநடுவில் நின்றாலும்
நாலு பக்கமும் யாராவது
சோளம் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.
இங்கே கரை ஒரு பக்கம்தான்.
அதுவும் கொஞ்ச நேரத்தில்
பனைமர உயரத்துக்கு வந்து,
பிறகு கோரைப்புல் உயரம்,
பிறகு
செங்கமலத்தின் பச்சைச் சேலை மட்டும்.

நான் கையைத் தூக்கினேன்.
டாட்டா காட்டுகிறேனென்று
அவளும் தூக்கினாள்.

*

வந்து நாலு நாளாகிறது.
செருப்பு இடுக்கில் இன்னும் மணல்;
லைன் வீட்டு நாய் அதை நக்கிப் பார்த்துவிட்டுத்
தும்முகிறது.
ராத்திரி லேடீஸ் சீட்டில் நின்றோம்.
கீழே சேலம், விளக்கு விளக்காய்.
"கடல்ல படகு நிக்கிறாப்ல இல்ல?" என்றேன்.
உற்றுப் பார்த்தாள், நியாயமாகவே.
"இல்லயே. அது ஜங்ஷன். அது அஞ்சு ரோடு.
அந்த இருட்டு
உங்க தம்பி கடன் வாங்கி மனை போட்ட இடம்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில்
காரைக்கால் வண்டி ஒன்று வந்தது.
குடும்பத்தோடு இறங்கியவருக்கு
உள்ளங்கை நெடுகக் கயிறு அறுத்த தழும்பு.
நான் நீட்டிய ஜாக்கெட்டைத் தள்ளினார்.
"தம்பி, நாங்க கடல்லயே பொறந்தவங்க."
மனைவி சிரித்தாள், பிள்ளைகள் சிரித்தார்கள்,
டிக்கெட் கவுண்டர் பிரிசில்லாகூடச் சிரித்தாள்.
நானும்.

மேற்கிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.
எதிர்க்கரைச் சோளக்கடை
அடுப்பு வெளிச்சத்தோடு காணாமல் போயிருந்தது.

"தெரியும்ணே" என்றேன்.
"கையைத் தூக்குங்க."