இரண்டடி

விடியப்புறம் மூன்று பத்துக்குப் போன் அடித்தது.
வட்டவிதானை யோகறஞ்சன்.
"பிள்ளை, உம்மட மெசின் குளத்தைக் குடிச்சுப்போட்டுது."

வெட்டுக்காடன்குளம், நீர்மட்டம் இரண்டடி
என்று அவருக்குச் செய்தி போயிருக்கிறது.
கட்டு உடைந்ததென்றே நினைத்து
சாரத்தோடு மோட்டார்சைக்கிளில் போய்
ரோச் அடித்துப் பார்த்தால்
குளம் இருபத்துநாலடிக்கு மேலே
அலைகல்லை நனைத்துக்கொண்டு கிடக்கிறது.
போன வழியில் யானை நின்றதாம்.
அதற்கும் நான்தான் பொறுப்பு.

காலபோகக் கூட்டத்தில் எழும்பி நின்று நான்தான் சொன்னது:
அளவுகோல் பார்க்க இனி ஒருவரும்
இரவில் துருசுக்குப் போகத் தேவையில்லை,
ஐந்து நிமிடத்துக்கொருக்கால் குளம் தானே பேசும் என்று.
சோலர் தகடு, பச்சைப் பெட்டி, மிதவை.
கைதட்டினார்கள். ஓர் ஆள் மட்டும்
"பேசுறது சரி, பொய் சொல்லாதோ?" என்றார்.
சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

மாங்குளத்தில், ரயர்க் கடைக்கு மேலே வாடகை அறை.
மின்விசிறி, ஆறிய தேத்தண்ணி, மடிக்கணினி.
பிங் போட்டேன்: குளம் பதில் சொன்னது.
போர்ட் திறந்தே இருந்தது.
ஃபயர்வோலை ஒரு நிமிடம் இறக்கி, பயந்து, திரும்ப ஏற்றினேன்.
சிம்மைக் குற்றம் சொன்னேன், கோபுரத்தைச் சொன்னேன்,
மிதவைக் கம்பியில் கூடு கட்டும் குளவியைச் சொன்னேன்.
எல்லாரும் நிரபராதிகள்.

என் மேசையில் ஒருநாளும் இது நடந்ததில்லை.
இங்கே அனுப்புவதும் வாங்குவதும் ஒரே கணினி;
தனக்குத்தானே கதைக்கிறவனுக்குச் சொல் உடையாது.

ஐந்து மணிக்கு, பக்கெற்றுகளைப் பிடித்து
ஒவ்வொன்றாகப் பிரித்தபோது அகப்பட்டது:
முதலில் வந்தது 2.
நாற்பது மில்லிசெக்கன் கழித்து, மெல்ல, 4.6.
இடையில் என் நிரல் அவசரப்பட்டு
கையில் கிடைத்ததை முழுசென்று நம்பி
ஊரை எழுப்பிவிட்டது.

போன வாரத்து லொக்கில் இன்னொன்று:
24.524.5, இரண்டு அளவு ஒன்றோடொன்று ஒட்டி.
அது எண்ணே இல்லையென்று
நிரல் தள்ளிவிட்டிருக்கிறது.
நானும் கவனிக்கவில்லை.

துருசில் நின்று மூன்று வாளி ஊற்றினால்
கடைசி வயலில் மூன்று வாளியா வரும்?
தண்ணீர் வரும்.
முன்னது முன்னாலே, பின்னது பின்னாலே.
ஆனால் எது எந்த வாளி என்று
வாய்க்காலைக் கேட்கக் கூடாது.
சொக்கெற் எனக்குத் தந்த வாக்கு அவ்வளவுதான்.
மிச்சத்தை நானாக நினைத்துக்கொண்டேன்.

திருத்தம் நாலு வரி.
ஒவ்வோர் அளவுக்கும் பின்னால் ஒரு முடிவுக்குறி;
அது வரும்வரை சேர்த்து வை, வாய் திறக்காதே.

வரும்வரை என்று எழுதியதும் விரல் நின்றது.
வராவிட்டால்?
மறுமுனையில் மின்னல் விழுந்திருந்தால்
விடைபெறும் பக்கெற்கூட வராது.
இணைப்பு இங்கே திறந்தபடி,
உயிரோடிருப்பதாகவே காட்டும்.
மறுப்பென்றால் அது ஒரு பதில்.
இது பதில் இல்லை.
அதற்காகத்தான் ஓர் எண் கேட்கிறது:
எத்தனை செக்கன் பார்ப்பது?

கொழும்பு அலுவலகம் முப்பது போடச் சொன்னது.

அக்காவின் குடும்ப அட்டையில்
அத்தானின் பெயர் இன்னும் வெட்டப்படவில்லை.
கிராம அலுவலர் வருசா வருசம் கேட்பார்.
அவள் தேத்தண்ணி வைத்துக் கொடுப்பாள்.

முப்பது போட்டேன்.
பிறகு அழித்து, தொண்ணூறு.
காரணம் எழுதும் இடத்தில்
கிராமப்புற சிக்னல் என்று எழுதினேன்.

ஆறே முக்காலுக்கு முழுசாய் வந்தது 24.7.
யோகறஞ்சனுக்கு எடுத்தேன்: இனிச் சரி, நம்பலாம்.
"அதை விடும் பிள்ளை, வான் பாயுது" என்றார்.
பின்னால் ஒரே இரைச்சல்,
மீனுக்கு இறங்கிவிட்ட பெடியளின் கூச்சல்.
"நீர் வந்தெண்டால்" என்றார்,
அடுத்த சொல் வரவில்லை.

போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன்.