மூன்றாம் எண்

பத்து மணிக்குத் திறப்பேன், நான்குக்குப் பூட்டுவேன்.
இடுப்பில் எட்டுச் சாவி.
ஆறு கட்டடத்துக்கு எட்டு எதற்கு என்கிறீர்களா?
ஒன்று என் வீட்டுச் சாவி.
இன்னொன்று தெரியாது.

வரைபடம் ஒரு டாலர்.
மழையில் நனைந்தது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன்,
ஊர் அதிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

முதல் எண், சுங்க மாளிகை.
ரம்மும் கரும்புப் பாகும் கப்பலிலிருந்து இறங்கி
இந்தத் தராசில்தான் ஏறின.
ஏறி நில்லுங்கள், பயப்படாதீர்கள்,
யாரையும் ஆறு பவுண்டு குறைத்தே சொல்லும்.
ஊர் வணிகர்கள் அதைப் பழுது பார்க்க விடவேயில்லை.

இரண்டாம் எண், அதோ, புகைபோக்கி சாய்ந்த வீடு.
அது இந்தக் கரையில் பிறக்கவில்லை.
ஒரு பிப்ரவரியில், உறைந்த ஆற்றின் மேல்,
நாற்பது எருது பூட்டி இழுத்து வந்தார்கள்.
இறங்க மாட்டேன் என்றாளாம் மெஹிடபெல் ஸ்ப்ரேக்.
அடுப்பில் ரொட்டி. பாதியில் திறந்தால் அமுங்கிவிடும்.
நடு ஆற்றில் பனி விரிசல் விட்டபோது
ஓட்டிகள் அவள் பெயர் சொல்லி அலறினார்கள்.
சன்னலைத் திறந்தாள்:
"சத்தம் போடாதீர்கள், மாவு எழும்பிக்கொண்டிருக்கிறது."
கரையேறியதும் ஆளுக்கொரு துண்டு, சுடச்சுட.
உண்மையா என்று கேட்காதீர்கள்.
சமையலறைத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள்,
ஆற்றுப் பக்கமே உருளும்,
தன் வீட்டுக்குத் திரும்பிப் போகிற மாதிரி.

நான்காம் எண், சிறை.
இரண்டே அறை. சுவரில் எவனோ
ஆணியால் கீறிய கப்பல்.
மூன்று பாய்மரம், கயிறு ஒவ்வொன்றும் சரி,
தண்ணீரை மட்டும் விட்டுவிட்டான்…

தெரியும். விரல் மடக்கி எண்ணுகிறீர்கள்.
எல்லாரும் இங்கேதான் நிற்பார்கள்.
வாருங்கள். வங்கிக்குப் பின்னால்.

இந்தப் புல்தான்.
நெசவாலைப் பெண்களின் விடுதி.
முப்பத்திரண்டு பேர், பதினாறு கட்டில்,
பாதிப் பேர் க்யூபெக்கிலிருந்து ரயிலேறி வந்தவர்கள்.
ஒரு மார்கழிக் கருக்கலில் கூரையில் தீ.
காவல்காரன் ஆலை மணியை அடித்தான்.
அவர்களுக்கோ அது வேலை மணி.
கண்ணைத் திறக்காமலே எழுந்தார்கள்,
பாவாடை கட்டி, சடை முடிந்து,
சோற்று வாளியை எடுத்துக்கொண்டு
வரிசையாகப் படியிறங்கி வெளியே வந்து
பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒருத்திக்கும் ஒரு மயிர் கருகவில்லை.
பழக்கம் காப்பாற்றியது என்று பாதிரியார் எழுதினார்.

அரை மணியில் மீண்டும் மணி. இம்முறை நிஜமாகவே வேலைக்கு.
போனார்கள்.
வேறு எங்கே போவார்கள்?
புகை மணக்கும் கையோடு அன்று நெய்த துணியை
வாங்கியவர்கள் யாரோ.

வருகைப் பதிவேடு சுங்க மாளிகைக் கண்ணாடிக்குள் இருக்கிறது.
முப்பத்தொன்று வந்தார்கள்.
எக்ஸில்டா கான்யே: வரவில்லை.
மறுநாளும் வரவில்லை.
வாளியோடு பனி ஆற்றில் இறங்கி நடந்ததை
எருமைத்தோல் சட்டைக்காரன் ஒருவன் பார்த்தானாம்.
ஓடவில்லையாம். நடந்தாளாம்.
அப்புறம் அவளைப் பற்றி எந்த ஏட்டிலும் எழுத்தில்லை.

எண்களை மாற்றிவிடலாம் என்றார்
குழுவின் பொருளாளர் ஆஸ்ட்ரேண்டர்.
இரும்புப் பலகை ஒன்றுக்கு நாற்பது டாலர் என்றதும்
வரலாற்றின்மேல் அவருக்கு மரியாதை வந்துவிட்டது.

அந்த எட்டாவது சாவி…
தெரியாது என்றது பொய்.
சாம்பலில் கிடைத்தது. முன்கதவுச் சாவி.
அன்று காலை கதவு பூட்டியிருக்கவில்லை,
இதை நான் எல்லாரிடமும் சொல்வதில்லை.

மணி நான்காகப் போகிறது.
ஆறைப் பூட்ட வேண்டும், இது கிடக்கட்டும்.
உங்கள் வண்டி வங்கியின் இடத்தில் நிற்கிறதா? சீக்கிரம் எடுங்கள்.
இல்லாவிட்டால் இழுத்துப் போய்விடுவார்கள்.
எதையும் இழுத்துப் போவது
இந்த ஊரின் பழைய வழக்கம்.