ஒரு வரிதான் இடம்

கேள்வி இலக்கம் ஒன்று.
அதன் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு.
நேராக இல்லையென்று இன்னொன்று.
நாற்பது நிமிடம் முடிந்தது.

எட்டு 'பி'யின் கடைசி வாங்கில் அபினேசன்.
விஞ்ஞானக் கொப்பிக்குள் சமயம், சமயக் கொப்பி வீட்டில்,
வீட்டில் கேட்டால் பள்ளிக்கூடத்தில்.
ஒருநாள் மான் தின்றுவிட்டது என்றான்.
திருகோணமலையில் அதைப் பொய்யென்றும்
அடித்துச் சொல்ல முடியாது.

முதலாம் தவணை அறிக்கையில் எழுதினேன்:
'கெட்டிக்காரன். ஆனால் சோம்பல்.'
சிவப்பு மையில், அழகான எழுத்தில்.
அதை வாசித்த இரவு அவன் வீடு எப்படியிருந்தது,
நான் கேட்கவில்லை.

இன்று மணி அடித்தபின் மறித்து வைத்து
வற்றுப்பெருக்கை வாயால் கேட்டேன்.
நிலவில் தொடங்கினான்.
உட்துறைமுகத்தில் எந்தக் கல் எப்போது தலைகாட்டும்,
மூதூர்ப் படகு எந்த நாளில்
இறங்குதுறைக்குத் தாழ நிற்கும்...
"ஒரு சாண்தான் டீச்சர் வித்தியாசம். கல்லுக்குத் தெரியும்."

"இதையே எழுதியிருக்கலாமேடா?"
"எழுதத்தான் இருந்தனான். எதில தொடங்குறதெண்டு
பார்த்துக்கொண்டே இருந்தன், மணி அடிச்சிட்டுது."

ஏழு மாதமாய் அந்தப் பார்வையை
நான் பராக்கு என்று வாசித்திருக்கிறேன்.

"பேனையை மட்டும் எடு." எடுத்தான்.
"நிலவு என்று மட்டும் எழுது." எழுதினான்.
அடுத்தது எது என்று என் முகத்தைப் பார்த்தான்.
"கல்."
அரைப் பக்கம் வந்தது,
ஒவ்வொரு வரிக்கும் நான் ஒரு சொல் கொடுக்க.
கச்சான் காற்றில் தாள் பறக்காமல் அவன் முழங்கை.

ஆசிரியர் அறையில் எல்லாரும் போய்விட்டார்கள்.
இரண்டாம் தவணை அறிக்கை. குறிப்புக்கு ஒரு வரிதான் இடம்.
அவன் பெயரின் கீழ் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுவிட்டு
எதில் தொடங்குவதென்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.