மறுகா

இரண்டு மணிக்கு எழும்பிவிடுவாள்.
சேலைக் கொசுவம் ஒன்றும் பிழைக்காது.
பையைத் தேடுவாள்.
"மண்டூர்ல நோவு கண்டிரிக்கு, எழும்புங்க,
பாதை போயிரும்."

ஓய்வு பெற்றுப் பத்தொன்பது வருசம் என்று
முதல் மாதம் சொல்லிப் பார்த்தேன்.
கடிதத்தைக் காட்டினேன். அவளுடைய கையெழுத்தைக் காட்டினேன்.
அவள் அழுதது வேலைக்காக அல்ல,
தன் வீட்டுக்குள் நின்று பொய் சொல்லும்
யாரோ ஓர் ஆம்பிளையைக் கண்டு.

கேற்றைப் பூட்டச் சொன்னாள் நிரோஷி, ரொறன்ரோவிலிருந்து.
பூட்டினேன்.
கம்பியில் நெற்றியை வைத்தபடி
"முக்காத புள்ள, இன்னும் நேரம் இரிக்கு,
நான் வந்திட்டன்" என்று
இருட்டுக்குச் சொல்லிக்கொண்டே நின்றாள்,
பள்ளிவாசலில் பாங்கு கேட்கும்வரை.

இப்போது பூட்டுவதில்லை.
காஸ் அடுப்பின் திருகியைக் கழற்றி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
சைக்கிளை எடுக்கிறேன்.
செக்பொயின்ற் காலத்தில்
அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பிடித்தபடி
இவளை ஏற்றிப்போன அதே சைக்கிள் என்று சொல்ல ஆசை.
அது துறையடியில் களவு போனது.

ஏற்றி உழக்க முழங்கால் விடாது.
நான் உருட்ட, கரியரைப் பிடித்தபடி நடக்கிறாள்.
குருமண்வெளித் துறையில்
பாதை கட்டிக் கிடக்கிறது.
அக்கரையில் ஒரேயொரு வெளிச்சம்.

"பிந்திட்டம்" என்கிறாள்.

"பிறந்திட்டு. இப்பதான் சொல்லி அனுப்பினாங்க.
தாயும் புள்ளையும் சுகம்."

"நிறை?"

ஒருநாள் யோசியாமல்
ஒன்றரைக் கிலோ என்றுவிட்டேன்.
அன்று விடியும்வரை
நெஞ்சுச் சேலைக்குள் தலையணையை
அணைத்துச் சூடாக வைத்திருந்தாள்,
என்னை மூச்சுவிடவும் விடாமல்.

"மூண்டு கிலோ இருநூறு."
தலையாட்டுகிறாள்.
"அழுததாமா?"
"ஊருக்கே கேட்டதாம்."

மச்சாள் சொல்லுகிறாள்,
அவளோடு சேர்ந்து உனக்கும் பிசகப் போகிறது என்று.
இருக்கலாம்.
தையிலிருந்து என் வாயால் பிறந்தவை
இருநூற்றுக்கு மேல்.
ஒன்றையும் சாக விடவில்லை.

நேற்று, திரும்பி வந்து
கேற்றடியில் நின்றவள்
என் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது.
"நீங்க நல்ல மனிசன். இனி வீட்ட போங்க.
உங்கட பொஞ்சாதி பயந்துபோய் இரிப்பா."

"மறுகா போறன்" என்று
எங்கள் சுவரில்
சைக்கிளைச் சாத்தினேன்.