எதிர்ப்பக்கம்

பச்சை வலை கழற்றின அண்டைக்கு
கஸ்தூரியார் வீதி கொஞ்ச நேரம் அசையேல்லை.
ஏழு மாடி. உச்சியில இருந்து அடிவரைக்கும் நீலக் கண்ணாடி.
நடுவில ஒரு வெள்ளித் தகடு நெளிஞ்சு இறங்குது.
அது கடலலையாம், விளம்பரத்தாளில போட்டிருக்கு.
குகதாசன் ஓட்டோவை ஓரங்கட்டி
அண்ணாந்து பாத்துச் சொன்னான்:
"ஆரோ பிறிஜ் வாங்கிப் பெட்டி பிரிச்சு வைச்ச மாதிரி."

நான் எதிர்ப்பக்கம், இரும்புக்கடைக்கு மேல
புருவத்துக்கு நூல் போடுறவள்.
கதிரையில சாஞ்சு கண்ணை மூடினதோட
எல்லாருக்கும் வாய் திறந்திடும்.

பகீரதி ரீச்சர்:
"இந்த வெயிலுக்குக் கண்ணாடியோ பிள்ளை?
உள்ளுக்கு இருக்கிறவை அவிஞ்ச மரவள்ளிதான்."

வங்கியில வேலை செய்யிற யூஜினா:
"எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு அக்கா.
முன்னால நிண்டு படம் எடுத்துப் போட்டனான்,
எந்த நாடு எண்டு கேட்டவை."

லண்டனில இருந்து கலியாணத்துக்கு வந்த யசோதினி
பெருமூச்சு விட்டா.
"எங்கட அடையாளம் ஒண்டும் இல்லையே.
ஒரு பனையாவது கீறியிருக்கலாம்."
எங்க எண்டு கேட்டன்.
"எங்கயாவது."

பரீதா மட்டும் கனக்க யோசிச்சா.
"வடிவுதான். இல்லையெண்டு சொல்லேலாது.
ஆனா முகப்பில ஒரு முழத்துக்கு நிழல் இல்லை,
பஸ்சுக்கு நிக்கிற சனம் எங்க ஒதுங்கும்?"

வரைபடத்துக்குக் கையெழுத்து வைச்சவரின்ர மனிசியும் வந்தவ.
கட்டடத்தைப் பற்றி மூச்சும் விடேல்லை.
எழும்பேக்கை மட்டும் ஜன்னலைப் பாத்து,
"வலப்பக்கம் கொஞ்சம் கூடிப்போச்சு" எண்டா.
எதைச் சொன்னாவோ தெரியாது,
நான் புருவத்தில இரண்டு மயிர் குறைச்சுவிட்டன்.

என்னட்டையும் கேட்டவைதான்.
பூச்சுக் காயமுன்னம் முகத்துக்கு நான் தீர்ப்புச் சொல்லுறேல்லை.

பின்னேரம் நாலு மணிக்கு
அந்தக் கண்ணாடி வெயிலைத் தூக்கி
என்ர அறைக்குள்ள எறிஞ்சுது.
ஆற்றையோ மேல்உதட்டில இதுவரை காணாத பூனைமயிர்
பொன்னாய் எழும்பி நிண்டுது.
திரையை இழுக்கப் போனன்.
அங்க, மூண்டாம் மாடியில, நாங்கள்.

தண்ணித் தாங்கி. வயர்ச் சிக்கல்.
ஏசி ஒழுகின கறள் கோடு.
காசு முடிஞ்ச இடத்தில நிண்டுபோன றோஸ் பெயின்ற்.
எல்லாத்துக்கும் நடுவில என்ர பெயர்ப்பலகை.
அடிச்ச அண்டு கீழ நிண்டு பாத்தது,
பிறகு வாறது போறது பின் ஒழுங்கைப் படியால.
கண்ணாடியில எழுத்தெல்லாம் புறம் திரும்பி நிண்டுது.
வலமிருந்து இடமாய் எழுத்துக் கூட்டினன்:

அழ நிலையம்.

'கு' இல்லை.

ஓடி இறங்கிக் குகதாசனைக் கேட்டன்.
"ஓமக்கா, போன சோளகத்துக்கு விழுந்தது.
நான் அதைச் சொல்லித்தான் ஆக்களை இறக்கிறனான்.
அழ நிலையமோ எண்டால் எல்லாருக்கும் விளங்கும்."

ஏழு மாடிக்கு இத்தனை குறை கண்ட தெரு
ஒரு வருசமாய்
எனக்கு ஒரு எழுத்தைச் சொல்லேல்லை.

கோபம்தான் முதலில வந்தது.
பிறகு கணக்குப் பாத்தன், இந்த ஒரு வருசத்தில
நூல் நோகுது எண்டு சொல்லி அழுதவையை.
நிச்சயம் குழம்பின கிழமை யூஜினா.
விசா வந்த அண்டு ஒரு மணப்பெண்.
புருவம் எடுக்காமலே காசு வைச்சிட்டுப் போன
பெயர் சொல்லாத ஒருத்தி.
பலகையை வாசிச்சிட்டுத்தான் ஏறினவையோ?

ஒரு எழுத்துக்கெண்டு ஏணி கொண்டுவரேலாதாம்.
முழுப் பலகையும் மாத்தினால்
பதினெட்டாயிரம். யோசிச்சுச் சொல்லுறன் எண்டன்.

இண்டைக்கு ஒருத்தன் கயிற்றில தொங்கி
எதிர்க் கண்ணாடியைத் துடைக்கிறான்.
அவன் துடைக்கத் துடைக்க
கறள் கோடு துலங்குது, றோஸ் துலங்குது,
என்ர கடையும் துலங்குது,
ஒரு எழுத்துக் குறைய.