சும்மா நிற்கையில்

முதல் தடவை ஒன்று புள்ளி எட்டு.
வால்குழாயிலிருந்து குச்சியை உருவாமலே
சகாயராஜ் திரையை இரண்டு தட்டுத் தட்டினான்,
தப்பு திரையுடையதாய் இருக்கட்டும் என்று.
அரைக்கு மேல் போகக் கூடாது கார்பன் மோனாக்ஸைடு.
"விடுங்கக்கா. நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ.
சீட்டு நான் அடிச்சுத் தந்துர்றேன்.
எல்லாருக்கும் அப்படித்தான்."

எல்லாருக்கும் அப்படித்தான்.
எனக்கு முன்னால் நின்ற லோடு ஆட்டோ
குச்சியைக் கண்ணால் பார்க்காமலே பாஸாகி
செக்காலை ரோட்டில் கறுப்பாய்க் கையசைத்துப் போனது.

கெமிஸ்ட்ரி லேபில் பதினோரு வருஷமாய்
பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான்:
வராத ரீடிங்கை நோட்டில் எழுதாதே.
வண்டியைத் திருப்பினேன்.

இரண்டாயிரத்து ஏழு மாடல் சிட்டி.
சாகுபர் பட்டறையில் தலை சீவி,
பெரிய கேம் போட்டு, எக்ஸாஸ்ட் மாற்றி,
மேப் மட்டும் நான் எழுதியது.
ஞாயிறு விடியலில், பழைய விமான ஓடுதளத்தில்
ஏழாயிரம் ஆர்.பி.எம் தாண்டியும் மூச்சு வாங்காது.
அதை யார் கேட்டார்கள்?
பரீட்சை, சும்மா நிற்கும்போதுதான்.

சும்மா நிற்க அதற்குத் தெரியவில்லை.
உள்வாசலும் வெளிவாசலும்
ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும் கேம்.
முகப்பில் நுழைந்து, வளவைக் கடந்து,
கையை நனைக்காமல்
பின்வாசல் வழியே அடுத்த தெருவில் இறங்கிவிடும் விருந்தாளியாய்
பெட்ரோல், எரியாமலே, வெளியே.
கூடவே எரியாத ஆக்ஸிஜனும்.
அதை மோந்த சென்சார்
இலை காலி என்று நினைத்து
இன்னும் இரண்டு கரண்டி ஊற்றச் சொல்கிறது.
நம் ஊர்ப் பரிமாறல்தான். யாரைக் குற்றம் சொல்ல?

ஐடிலிங்கை ஆயிரத்துக்கு ஏற்றினேன்.
சென்சார் சொல்வதைக் கொஞ்சம் கேளாதே என்று எழுதினேன்.
பூஜ்யம் புள்ளி ஒன்பது.

"கன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டிடுவோம்,
கழட்டினது எங்கே?"
சாகுபர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.
போன ஜூனில் விற்றுவிட்டானாம்.
பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறந்த வாரம்.
நாலாயிரம்.
"உள்ள பிளாட்டினம்னு ஒருத்தன் வந்து கேட்டான்க்கா."
நான் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.
நான் கேட்கவேயில்லை.

மதுரையில் அடிபட்ட வண்டி ஒன்றின் வயிற்றிலிருந்து
வேறொன்று வந்தது, பதினோராயிரத்துக்கு.
தேங்காய் அளவில் ஒரு தேன்கூடு.
என்ன உலோகம் என்று சொன்னதும்
அம்மா "லாக்கர்ல வை" என்றாள்.
அதை வண்டிக்கு அடியில்
சேறு தெறிக்கும் இடத்தில் பற்றவைத்தோம்.

சூடு ஏறினால்தான் அது வேலை செய்யும்.
குன்றக்குடி வரை மூன்றாம் கியரிலேயே போய்த் திரும்பினோம்.
வந்தால் கரண்ட் இல்லை.
நாற்பது நிமிஷம்
சாகுபர் ஆக்ஸிலேட்டரில் கால் எடுக்காமல்,
நான் பானெட்டில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தபடி.
சகாயராஜ் என்ன நினைத்தானோ,
மெஷின் வந்த நாளிலிருந்து மாற்றாத ஃபில்டரைக்
கழற்றிப் பார்த்தான்.
கரி.
ஒன்றும் சொல்லாமல் புதியதை மாட்டினான்.

கரண்ட் வந்தது. குச்சி உள்ளே போனது.
புள்ளி ஆறு ஒன்று.
ஐந்து நாலு.
ஐந்து. அங்கேயே நின்றது.
ப்யூரெட்டின் கடைசிச் சொட்டு
விழலாமா என்று தொங்குகிற மாதிரி.
நாலு ஏழு.

"ஆறு மாசம்" என்றான் சகாயராஜ், சீட்டை நீட்டி.
சிரிக்கவில்லை. அடுத்த ஆட்டோக்காரர்
போட்டோவுக்கு வாகாய் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.
இவன் குச்சியை இன்னும் கீழே வைக்கவில்லை.

பெரியார் சிலை தாண்டியதும் சாகுபர் கேட்டான்:
"ஞாயித்துக்கிழமைக்குப் பழைய மேப்பையே
போட்டுக்கலாம்லக்கா?"
மடியில் லேப்டாப் திறந்தே இருந்தது.
இரண்டு ஃபைல், பக்கத்தில் பக்கத்தில்.
பேட்டரி ஒன்பது சதவீதம் என்றேன்.
அது உண்மைதான்.